சடை நாய்க்குத் தண்ணீரைவிடச் சீப்பு முக்கியம்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் நாய்களுக்கு முடி திருத்தும் நிலையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றைத்தான்: “பாவம், வெயில் தாங்க முடியல. மொட்டை அடிச்சு விட்ருங்க.” அழைத்து வந்திருப்பது கோல்டன் ரெட்ரீவரோ, ஜெர்மன் ஷெப்பர்டோ, பாமரேனியனோ, ஹஸ்கியோ, கோரிக்கை மாறுவதில்லை. மொட்டையடிக்க மனம் வராதவர்கள் வேறு வழியைப் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாயைக் குளியலறைக்கு இழுத்துப்போய், இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, வீட்டில் இருக்கும் ஷாம்பூவைத் தேய்த்து, பழைய துண்டால் துவட்டி, மாடியில் அவிழ்த்து விடுகிறார்கள். இரண்டையும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டுமே அந்த நாய்க்குத் துன்பத்தைக் கொண்டுவருகின்றன.

அடர்ந்த ரோமமுள்ள நாயைக் குளிப்பாட்டுவதில் தண்ணீரும் ஷாம்பூவும் நடுவில் வரும் சிறு பகுதிதான். தண்ணீர் படுவதற்கு முன் சிக்கெடுப்பதிலும், பட்ட தண்ணீரை அடித்தோல் வரை உலர்த்துவதிலுமே அந்த வேலையின் பெரும்பங்கு இருக்கிறது. இவ்விரண்டையும் செய்ய நேரமில்லாத நாளில் நாயைக் குளிப்பாட்டாமல் விடுவதே அதற்குச் செய்யும் நன்மை.

ஏன் என்பதற்கு விடை அந்த ரோமத்தின் அமைப்பில் இருக்கிறது. சடை நாய்களுக்கு ரோமம் இரண்டு அடுக்கு. வெளியே தெரிவது நீண்ட, சற்றே முரடான மேல்ரோமம். அதற்கடியில் பஞ்சுபோல் நெருங்கி வளர்வது அடிரோமம். தோலின் ஒரே துளையிலிருந்து ஒரு மேல்ரோமமும் அதைச் சுற்றிப் பல மெல்லிய அடிரோமங்களும் கொத்தாகக் கிளம்புகின்றன. மேலடுக்கு மழையையும் பனியையும் வழித்து விடுகிறது. கீழடுக்கு காற்றைச் சிறைப்பிடித்து உடலின் வெப்பநிலையைக் காக்கிறது.

இப்படி ஓர் உறை எதற்குத் தேவைப்பட்டது என்பது வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாயிலிருந்து வந்ததே இன்றைய ஹஸ்கி. 1925ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, உயிர்காக்கும் மருந்தைச் சுமார் 1,085 கிலோமீட்டர் தூரம் உறைபனியில் தொடரோட்டமாகக் கொண்டு சேர்த்தவை சறுக்குவண்டி நாய்கள். ரெட்ரீவர்களின் கதை வேறு. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் 1868இல் தொடங்கிய கலப்பிலிருந்து உருவானது கோல்டன் ரெட்ரீவர். சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த நீர்நிலைக்குள் நீந்திப்போய்க் கவ்வி வருவது அதன் வேலை. நீந்தும்போதும் தோல் எளிதில் நனையக்கூடாது. அதற்கேற்ற ரோமம் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது.

அந்தச் சிறப்புதான் நம் குளியலறையில் சிக்கலாகிறது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் மேல்ரோமத்தில் வழிந்தோடிவிடுகிறது. நாய் முழுக்க நனைந்துவிட்டதாகத் தோன்றினாலும் தோல் பல இடங்களில் உலர்ந்தே கிடக்கும். முயன்று உள்ளே இறக்கிய தண்ணீரோ எளிதில் வெளியே வராது. நுழைவதற்கும் தாமதம், வெளியேறுவதற்கும் தாமதம். இதை மனதில் வைத்துக்கொண்டால் வேலையின் வரிசை தானாகவே புலப்படும்.

முதலில் சீப்பு. நாய் நனையும் முன்னரே சிக்கு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். கம்பளி ஆடையை நனைத்துக் கசக்கினால் எப்படிச் சுருங்கி இறுகுமோ, அப்படியே உதிர்ந்த அடிரோமமும் தண்ணீர் பட்டால் இறுகிக்கொள்ளும். விரலால் பிரிக்கக்கூடிய சிக்கு, குளித்து முடித்ததும் கத்தரித்தால் மட்டுமே போகும் கட்டியாகிவிடும். மேற்பரப்பில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நாய் பளபளக்கிறது என்று மகிழ்வதால் பயனில்லை. ஒரு கையால் ரோமத்தைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடெடுத்து, வகிடு வகிடாகக் கீழிருந்து மேலே வர வேண்டும். வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷால் தொடங்கி, அடிரோமத்துக்கென உள்ள அகன்ற பற்களுடைய ரேக்கால் உதிர்ந்ததை வாரி எடுத்து, கடைசியில் உலோகச் சீப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சீப்பு எங்கும் தடைபடாமல் தோல்வரை சென்று வந்தால் நாய் குளிக்கத் தயார்.

சிக்கு எப்போதும் கண்ணில் படாத இடங்களில்தான் பிடிக்கும். காதுமடலின் பின்புறம், கழுத்துப்பட்டை உராயும் வட்டம், முன்கால் அக்குள், பின்தொடை, வாலின் அடிப்பகுதி ஆகிய ஐந்தையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. கட்டியாகிவிட்ட சிக்கைக் கத்தரிக்கோலால் நேரே வெட்டுவது ஆபத்து. இறுகிய ரோமத்தோடு சேர்ந்து தோலும் மேலே இழுபட்டிருக்கும். எங்கே ரோமம் முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்பது தெரியாது. தையல் போடும் அளவுக்குக் காயமாவது இப்படித்தான்.

அடுத்தது குளியல். வழுக்கும் தரையில் நாய் பயப்படும். பயந்த நாய் திமிறும். ஒரு ரப்பர் விரிப்போ ஈரச் சாக்கோ போட்டால் பாதி போராட்டம் அடங்கிவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சூடு வேண்டாம். கழுத்தைச் சுற்றி முதலில் நுரையால் ஒரு வளையம் போடச் சொல்வது அனுபவசாலிகளின் வழக்கம்; உடல் நனைந்ததும் தெள்ளுப்பூச்சிகள் தலைக்கு ஏறி ஓடுவதை அது தடுக்கும். குழாயில் மாட்டும் கைஷவர் இருந்தால் அதன் முகத்தைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கலாம். இல்லையென்றால் ஒரு கை ரோமத்தைப் பிரிக்க, மறு கை குவளையால் மெல்ல ஊற்ற வேண்டும். ஷாம்பூவை அப்படியே முதுகில் ஊற்றாமல், ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் சீராகப் பரவும், அலசுவதும் எளிது. முகத்துக்கு ஈரத்துணி போதும். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது.

மனிதர்களுக்கான ஷாம்பூ நாய்க்குப் பொருந்தாது. நம் தோல் அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருக்கிறது. அதன் மேலடுக்கு நம்முடையதைவிட மெல்லியதும்கூட. நம் தலைக்கு இதமாக இருக்கும் ஷாம்பூ, மறுபடி மறுபடி பட்டால் அந்தத் தோலை வறளச் செய்து அரிப்பை உண்டாக்கும். சீயக்காய்த் தூள் இயற்கையானது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. கண்ணில் பட்டால் நமக்கு எரிவதுபோல நாய்க்கும் எரியும், சக்கை அடிரோமத்தில் சிக்கி அலச அலச வராது. தரை துடைக்கும் கிருமிநாசினி, பினாயில், மண்ணெண்ணெய் ஆகியவை நாயின் அருகிலேயே வரக்கூடாது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. தோலை அது வெந்ததுபோல் ஆக்கும். நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

மருந்து ஷாம்பூவை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் நுரையுடன் சுமார் 10 நிமிடம் விட்டு வைக்க வேண்டும். தேய்த்த கையோடு அலசிவிட்டால் அதற்குக் கொடுத்த காசு வடிகாலில்தான் போகும். பூனையும் வளரும் வீடானால் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

அலசுவதில் சென்னைக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் தனிக் கவலை உண்டு. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி போட்டால் நுரை வராமல் திரி திரியாகப் பிசுக்கு ஒட்டும். அந்தப் பிசுக்கு அடிரோமத்தில் தங்கினால் அரிப்பு நிச்சயம். சோப்பைத் தவிர்த்து நாய் ஷாம்பூவைப் பயன்படுத்துவதும், முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்குவதும் பலன் தரும். நுரை போட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வழியும் நீர் தெளிந்து, ரோமத்தை விரலிடுக்கில் வைத்து இழுத்தால் வழுவழுப்பு இல்லாமல் இருந்தால் போதும்.

இனிமேல்தான் பெரும்பாலான வீடுகள் கைவிடும் கட்டம். நாய் உடலைச் சிலிர்த்துக்கொள்ளும். சுவரெல்லாம் தண்ணீர் தெறிக்கும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2012இல் இந்தச் சிலிர்ப்பை ஆராய்ந்து, ஒரு நாய் தன் ரோமத்திலுள்ள நீரில் சுமார் 70 விழுக்காட்டைச் சில நொடிகளில் உதறிவிடுவதாகக் கண்டார்கள். வியக்கத்தக்க திறமைதான். ஆனால் சடை நாயைப் பொறுத்தவரை மீதியுள்ள 30 விழுக்காடுதான் தலைவலி. அது தோலை ஒட்டிய அடிரோமத்தில் தங்கியிருக்கிறது. மேலே தடவினால் உலர்ந்த மாதிரி இருக்கும். வீட்டாரும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள்.

உள்ளே தேங்கிய ஈரமும் உடல் சூடும் சேர்ந்தால் தோலில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாவும் மலசீசியா என்னும் பூஞ்சையும் பெருகுகின்றன. நாய் ஓரிடத்தைச் சொறியும், நக்கும், கடிக்கும். சில மணி நேரத்திலேயே அந்த இடம் முடி கொட்டி, சிவந்து, நீர் வடியும் புண்ணாகலாம். ‘ஹாட் ஸ்பாட்’ என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தத் தொல்லைக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

புண்ணாகும் வரை போகாவிட்டாலும் வாடை வந்துவிடும். ஈரத்தில் பெருகிய பூஞ்சையின் புளித்த வாடை அது. அழுக்கு என்று எண்ணி வீட்டில் இருப்பவர்கள் மூன்றாம் நாளே மறுபடி குளிப்பாட்டுகிறார்கள். மறுபடியும் பாதி ஈரம், மறுபடியும் வாடை. வாரம் தவறாமல் குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் வீடுகள் பலவற்றில், நாற்றத்துக்குக் காரணமே அந்த வாராந்தரக் குளியல்தான். குளியலைக் குறைத்து உலர்த்துவதைக் கூட்டினால் பல நாய்களுக்கு அந்த வாடை அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய தோல்நோய் என்று கொள்ளலாம்.

உலர்த்துவதற்கும் முறை இருக்கிறது. துண்டால் பரபரவென்று தேய்த்தால் மறுபடி சிக்கு விழும். அழுத்தி அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும். நன்றாக உறிஞ்சும் துண்டுகள் மூன்று நான்கு கைவசம் வேண்டும். பிறகு காற்று. முடி திருத்தும் நிலையங்களில் உள்ள அதிவேகக் காற்றூதி வெப்பத்தை நம்பாமல் காற்றின் வேகத்தாலேயே நீரைத் தோலிலிருந்து தள்ளி வெளியேற்றுகிறது. வீட்டில் தலைமுடி உலர்த்தும் டிரையர் மட்டுமே இருந்தால் குளிர்காற்றில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், மறு கையால் சீவிக்கொண்டே ஊத வேண்டும். சூடான காற்று தோலைச் சுட்டுவிடும். காற்று பட்டு ரோமம் விலகும்போது தோல் வெளுப்பாகத் தெரியும். அதுவரை உலர்ந்தால்தான் உலர்ந்ததாகும். பெரிய நாய்க்கு இதற்கே ஒன்று இரண்டு மணி நேரம் பிடிக்கும். டிரையர் சத்தத்துக்கு நாயைக் குட்டியிலேயே பழக்கிவிட வேண்டும். வளர்ந்தபின் பழக்குவது கடினம்.

அந்த இரண்டு மணி நேரம் வீணாவதில்லை. நாயின் உடலை அங்குலம் அங்குலமாகப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான். கட்டி, புண், சிவப்பு, உண்ணி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நம் ஊரில் பரவலாக இருக்கும் பழுப்பு நாய் உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிக்கியா, பபீசியா போன்ற நோய்க்கிருமிகளையும் நாயின் ரத்தத்தில் ஏற்றுகிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் நாய்களை, பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகளை, நூற்றுக்கணக்கில் பலிவாங்கியது இந்த எர்லிக்கியாதான். அடர்ந்த ரோமத்துக்குள் ஒளியும் உண்ணியைக் கண்டுபிடிக்கக் குளியலைவிடச் சீப்பும் டிரையரும்தான் கைகொடுக்கும். முதுகில் சொட்டுவிடும் உண்ணி மருந்து போட்டிருந்தால், பெரும்பாலானவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. மருந்துப் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே தண்ணீரை எடுக்க வேண்டும்.

ஆரோக்கியமான சடை நாய்க்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். சீவுதல் வாரம் இரண்டு மூன்று முறையாவது நடக்க வேண்டும், முடி கொட்டும் பருவத்தில் தினமும். நம் ஊரில் அந்தப் பருவம் எது என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். அடிரோமம் உதிர்வதைப் பெரிதும் தீர்மானிப்பது பகலின் நீளம். நோம் நகரில் டிசம்பர் பகல் சுமார் 4 மணி நேரம், ஜூன் பகல் 21 மணி நேரத்துக்கும் மேல். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். வீட்டுக்குள் இரவிலும் விளக்கு, குளிர்சாதனம் வேறு. இன்ன மாதம் என்று குறிப்பு கிடைக்காமல் அந்த உடல் ஆண்டு முழுவதும் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே சீப்புக்கு இங்கு விடுமுறை இல்லை.

இப்போது மொட்டைக்கு வருவோம். நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகள் அதற்குப் பாதங்களில்தான் முக்கியமாக இருக்கின்றன. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. ரோமத்தை வழிப்பதால் வியர்வை காய்ந்து குளிர்ச்சி உண்டாகும் பயன் அதற்குக் கிடைக்காது. மாறாக, வெயில் நேரே தோலில் விழும். ஹஸ்கி, சௌ சௌ, பாமரேனியன் போன்ற நாய்களுக்கு வழித்த இடத்தில் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும், முடி முளைக்காமல் போவதுண்டு. அடிவயிறு, பாதத்தின் அடி, வாலுக்குக் கீழே ஆகிய இடங்களில் கத்தரித்து விடுவதில் தவறில்லை. அறுவை சிகிச்சைக்கோ, பிரிக்கவே முடியாத சடைக்கோ மருத்துவர் வழிக்கச் சொன்னால் அது வேறு. வெயிலுக்காக என்றால், உதிர்ந்த அடிரோமத்தை முழுவதுமாக வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். மொட்டையடிக்கச் சொல்லிக் கேட்பவர்களின் நாய்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது அந்த வாருதல்தான்.

“இந்த வெயில் ஊரில் இந்த நாய்கள் எதற்கு?” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட், செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்களை நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று கூறி, அவற்றின் இனப்பெருக்கத்தைத் தடுக்க முனைந்தது. அது வரவேற்கத்தக்கது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று குட்டை ரோமமுள்ள நாய்கள் நம்மிடமே இருக்கின்றன. அவற்றைக் குளிப்பாட்டினால் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். ஆயினும் ஏற்கெனவே இங்கே பிறந்து, நம் வீடுகளில் படுத்திருக்கும் ஆயிரக்கணக்கான சடை நாய்களைக் கொள்கையால் குளிப்பாட்ட முடியாது. கோல்டன் ரெட்ரீவரும் ஜெர்மன் ஷெப்பர்டும் பாமரேனியனும் நாளையும் விற்பனைக்கு வரத்தான் போகின்றன.

குட்டியாக இருக்கும்போது அந்த ரோமம்தான் விலை பேசுகிறது. புகைப்படத்தில் பஞ்சுப்பொதியாகத் தெரியும் குட்டி, ஓராண்டில் மாதம் ஒரு முழுக் காலைப் பொழுதையும், வாரம் மூன்று மணி நேரத்தையும் கேட்கும் நாயாகிவிடுகிறது. வாங்கி வந்தவர் அலுவலகம் போய்விட, அந்த நேரத்தைக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் அம்மாவாகவோ, வேலைக்கு வரும் அக்காவாகவோ இருக்கிறார். அவர்களைக் கேட்காமல் வாங்கப்பட்ட நாயின் சுமை அவர்கள் முதுகில் ஏறுகிறது. தாங்க முடியாமல் போகும்போது, சடை பிடித்து, தோல் புண்ணாகி, நாய் தெருவுக்கு வந்துவிடுகிறது. உயர்ரக நாய்கள் கைவிடப்படுவது சென்னையின் விலங்குநல விடுதிகளுக்குப் பழகிப்போன செய்தி.

தடுக்க வழியில்லாமல் இல்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. அதே விற்பனை மேசையில், வளர்ந்த தாய்நாயை வகிடெடுத்துச் சீவிக் காட்டி, வாங்குபவர் கையிலும் சீப்பைக் கொடுத்துச் செய்யச் சொல்வதை வழக்கமாக்கலாம். பத்து நிமிடத்தில் பலருக்கு முடிவு மாறும். சென்னை மாநகராட்சி செல்லப்பிராணி உரிமம் தரும்போது வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்கிறது. சடை நாய் வைத்திருப்பவர்களுக்கு அந்த உரிமத்தோடு ரோமப் பராமரிப்பு பற்றி ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும் கொடுக்கலாம். வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இயங்குகிறது. அங்கும் மாவட்டத் தலைநகரங்களின் கால்நடை மருத்துவமனைகளிலும் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு நாயை மேசைமேல் நிறுத்தி, சிக்கெடுப்பதிலிருந்து உலர்த்துவது வரை பொதுமக்களுக்குச் செய்து காட்டலாம். ஒரு மேசை, இரண்டு சீப்பு, ஒரு காற்றூதி, சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் அடுத்த கத்திரி வெயிலுக்கு முன்பே தொடங்கிவிட முடியும்.